அடைத்துவிட்டால் ரத்தம் எந்த வழியில் போகும்?

கேள்வி: எனக்கு 46 வயது. ஜவுளிக்கடையில் வேலை, நாள் முழுக்க நின்றபடிதான். இடது காலில் நரம்பு சுருண்டு முடிச்சு முடிச்சாக இருக்கிறது. கணுக்கால் பக்கம் தோல் கறுத்துவிட்டது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இதே கால் வீங்கி, ரத்தக்கட்டு என்று ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். ஒரு மருத்துவர் ஆர்.எஃப்.ஏ. (ரேடியோ அலை வெப்பத்தால் அந்த நரம்பை மூடும் சிகிச்சை) செய்துகொள்ளச் சொன்னார். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனைப் பார்த்த இன்னொருவர் 'உங்களுக்கு அது கூடாது' என்கிறார். கூட வேலை பார்க்கும் பெண் அதைச் செய்துகொண்டு நன்றாக இருக்கிறாள். எனக்கு மட்டும் ஏன் கூடாது?

பதில்: நரம்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம், சுருண்டிருப்பது நரம்பல்ல, அசுத்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை. காலில் தோலுக்கடியில் ஒரு வரிசை, அது மேல்சிரை; தசைக்குள் ஆழமாக ஒரு வரிசை, அது ஆழ்சிரை. ரத்தத்தின் பெரும்பங்கு ஆழ்சிரை வழியாகத்தான் மேலே ஏறுகிறது.

ஆர்.எஃப்.ஏ.வில் மேல்சிரைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் நுனியை ஏறக்குறைய 120 டிகிரிக்குச் சூடாக்குவோம். ஒவ்வொரு பகுதிக்கும் 20 விநாடி. சிரை சுருங்கி மூடிக்கொள்ளும், ரத்தம் ஆழ்சிரைக்கு மாறும். உங்கள் தோழிக்கு அந்த வழி திறந்திருந்திருக்கும்.

உங்களுக்கு வந்த ரத்தக்கட்டு ஆழ்சிரையில்தான் இருந்திருக்க வேண்டும். அந்த அடைப்பு சரியாகத் திறக்காவிட்டால், அசிங்கமாகத் தெரிகிற இந்த மேல்சிரைதான் மாற்றுப்பாதையாக ரத்தத்தை ஏற்றிக்கொண்டிருக்கும். அதையும் மூடினால் கால் இன்னும் வீங்கும், கறுத்த இடத்தில் புண் வரலாம். இரண்டாவது மருத்துவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் பழைய ரத்தக்கட்டு இருந்தாலே ஆர்.எஃப்.ஏ. கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் ஆழ்சிரை நன்றாகத் திறந்திருந்தால், எச்சரிக்கையோடு செய்யலாம். அப்புறம், இடது கால் என்பதைக் கவனித்தேன். இடுப்புக்குள் வலது காலுக்குப் போகும் தமனி, அதாவது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய், இடது காலிலிருந்து வரும் சிரையின் குறுக்கே போகிறது. சிலருக்கு அது சிரையை முதுகெலும்போடு வைத்து நசுக்கும். காலில் மட்டும் டாப்ளர் எடுத்தால் இது தெரியாமல் போகலாம். வயிறு, இடுப்புப் பகுதிச் சிரைகளுக்கு சி.டி. அல்லது எம்.ஆர். எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். அடைப்பு அங்கே இருந்தால் சிரையை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைப்பதுதான் முதல் யோசனையாக இருக்கும்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: கர்ப்பிணிகள் பிரசவம் முடியும்வரை பொறுக்கலாம், பலருக்கு அதன்பிறகு சிரை வீக்கம் தானே குறைந்துவிடும். தமனி அடைப்பால் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்பவர்கள் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். குழாய் நுழைய முடியாதபடி வளைந்து நெளிந்த சிரைக்கு இது ஒத்துவராது. சிலந்திவலை போன்ற மெல்லிய நீலக் கோடுகளுக்குத் தேவையே இல்லை.

இப்போதைக்கு, பாதத்தில் நாடித்துடிப்பு நன்றாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்த பிறகு, அவர் சொல்லும் அளவில் அழுத்தக் காலுறை வாங்குங்கள். காலையில் கட்டிலைவிட்டு இறங்குவதற்கு முன்பே போட வேண்டும். வீங்கிய பிறகு போட்டால் ஏறவே ஏறாது. கல்லா ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அடிக்கடி குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.