எட் ராபர்ட்ஸும் உங்கள் சித்தப்பாவும்

வணக்கம் ஐயா,

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடிய எட் ராபர்ட்ஸ் நினைவு நாளில் நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். கழுத்துக்குக் கீழே செயலிழந்தும் சுயமாக வாழ்ந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் குளிப்பாட்ட, உடை மாற்ற, ஊட்டிவிட, எல்லாவற்றுக்கும் அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. இதை எப்படிச் சுயமான வாழ்க்கை என்பது? என் சித்தப்பா மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டுப் பதினோரு வருஷம் படுக்கையில் இருந்தார். ஒரு குறையும் வைக்கவில்லை. படுக்கைப்புண் வர விட்டதில்லை என் பாட்டி. அப்படியும் கடைசிவரை எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். அந்தக் கோபம் எதற்கென்று இன்றுவரை எங்களுக்குப் புரியவில்லை.

ஒரு வாசகி (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

பதினோரு வருஷம் புண் வராமல் காப்பது லேசான காரியம் இல்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், நடுராத்திரியிலும். உங்கள் பாட்டியை முதலில் கும்பிட்டுக்கொள்கிறேன்.

எட் ராபர்ட்ஸுக்குப் போலியோ வந்தது 1953இல், பதினாலு வயதில். தடுப்பூசி வந்தது 1955இல். பிழைத்தாலும் வெறும் சடம்போலத்தான் கிடப்பான் என்று மருத்துவர் அவருடைய அம்மாவிடம் சொல்லிவிட்டார். இடது கையில் இரண்டு விரல், காலில் சில விரல்கள், அவ்வளவுதான் அசைந்தன. ராத்திரி இரும்பு நுரையீரலுக்குள் தூக்கம். ஆள் நீளத்துக்கு ஓர் உலோக உருளை அது. தலை மட்டும் வெளியே இருக்கும், உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்கி நெஞ்சை விரித்துச் சுருக்கும். பகலில் வெளியே வந்தால், காற்றை வாயால் கவ்வி நாக்கால் தொண்டைக்குள் தள்ளுவார். தவளை மூச்சு என்று அதற்குப் பெயர். நாம் யோசிக்காமல் விடுகிற மூச்சை அவர் ஒவ்வொரு வாயாக விழுங்கினார்.

1962இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேரப் போனபோது, இந்த மாதிரி ஆட்களை முன்பே சேர்த்துப் பார்த்தோம், சரிப்படவில்லை என்றார் ஓர் அதிகாரி. விடுதி எதிலும் அந்த உருளையை வைக்க முடியாது. கடைசியில் வளாகத்துக்குள் இருந்த கவல் மருத்துவமனையில் இடம் கிடைத்தது. அடுத்த வருஷம் அவரைப் போலவே உடல் செயலிழந்த இன்னொரு மாணவர் வந்தார், அப்புறம் இன்னும் சிலர். உதவியாளர் சம்பளத்துக்கு அரசு பணம் தந்தது. ஆனால் ஆளைத் தேடுவது, வேலை சொல்லித்தருவது, ஒத்துவராவிட்டால் நிறுத்துவது எல்லாம் அந்த மாணவர்கள்தான். எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்பதை நர்ஸ் சொல்லவில்லை, அவர்கள் சொன்னார்கள். 1972இல் பெர்க்லியில் தொடங்கிய சுயவாழ்வு மையம் இந்த அனுபவத்திலிருந்து வந்தது. தன் வேலையைத் தானே செய்துகொள்வதற்குப் பெயர் சுயவாழ்வு அல்ல. தன் வாழ்க்கையைப் பற்றித் தானே முடிவெடுப்பதுதான் என்று அவர்கள் சொன்னார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம் ஒன்று. மோட்டார் வீல்சேர் ஓட்ட உன்னால் முடியாது என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவரும் நம்பியிருந்தார். அப்புறம் ஒரு பெண்ணைக் காதலித்தார். எங்கே போனாலும் பின்னால் தள்ளிக்கொண்டு ஓர் ஆள். தனியாக இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. அவருடைய விரல்களுக்குக் கைப்பிடியைத் தள்ளத்தான் வலு இல்லை, இழுக்க வரும். கைப்பிடி இருந்த பெட்டியைத் திருப்பி மாட்டினார்கள், இழுத்தால் வண்டி முன்னே போகும்படி. ஒரே நாளில் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

'இவருக்கு வேலை கிடைக்கப்போவதில்லை' என்று ஆரம்பத்தில் உதவி மறுத்த மாநில மறுவாழ்வுத் துறைக்கே 1975இல் அவர் இயக்குநர் ஆனார். 1995 மார்ச் 14 அன்று இறந்தபோது வயது 56. அவருடைய வீல்சேர் இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

என் பெரியப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நல்ல முறுக்கு மீசை அவருக்கு. கஞ்சி ஊட்டினால் ஒட்டுகிறது, துடைக்கச் சிரமம் என்று ஒரு நாள் வழித்துவிட்டோம். நான்தான் கண்ணாடி பிடித்தேன். பாசத்தோடுதான் செய்தோம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று நாள் அவர் வாயைத் திறக்கவில்லை. பசி இல்லை போல என்று நினைத்துக்கொண்டோம். இப்போது நினைத்தாலும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை, அது எனக்குத் தெரியாது. சித்தப்பா எந்தெந்த நேரத்தில் கோபப்பட்டார் என்று ஞாபகம் இருக்கிறதா? குளிப்பாட்டும்போதா, ஆள் வந்து பார்க்கும்போதா, சாப்பாட்டு வேளையிலா? பாட்டி இருக்கிறார் என்றால் அவரிடமும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.