சிறு மானியம், ஒரேயொரு பாட அலகு: கற்பித்தல் மேம்பாட்டு விண்ணப்பம் பற்றிய கேள்வி பதில்

பேராதனையிலும் பதுளையிலும் கற்பிக்கும் இளம் விரிவுரையாளர்கள் சிலர், பல்கலைக்கழகக் கற்பித்தலை மேம்படுத்தக் கிடைக்கும் சிறு மானியங்களுக்கு விண்ணப்பிப்பது பற்றிக் கேட்டிருந்தார்கள். இப்படியான விண்ணப்பங்களை எழுதியும் இருக்கிறேன், தெரிவுக் குழுவில் இருந்து வாசித்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

மிஸ், எங்கள் துறைக்கு ஒரு ஸ்மார்ட் போர்ட் எடுக்க நினைக்கிறேன். விண்ணப்பத்தை எப்படித் தொடங்குவது?
*– தகுதிகாண் விரிவுரையாளர், பேராதனை*

போர்டை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள், தம்பி. வாசிப்பவர் முதற் பக்கத்தில் தேடுவது உங்கள் மாணவர்களுக்கு எந்த இடத்தில் தடக்குகிறது என்பதைத்தான். "இரண்டாம் வருடப் புள்ளிவிபரவியலில் பிள்ளைகள் கணக்கைச் சரியாகச் செய்கிறார்கள். வந்த விடை எதைக் காட்டுகிறது என்று கேட்டால் எழுதத் தெரிவதில்லை" என்று ஒரு வரி இருந்தால், அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் எல்லாவற்றையும் கவனமாக வாசிப்பார்கள். "கற்பித்தலின் தரத்தை உயர்த்துதல்" என்று தொடங்கினால் அந்தக் கவனம் கிடைக்காது.

அந்த வரியை எழுத, கடந்த இரண்டு மூன்று வருட விடைத்தாள்களை எடுத்து வைத்து, எந்த வினாவில் புள்ளி போகிறது என்று பாருங்கள். ஒரு பின்னேரத்து வேலைதான். அதன் பிறகு என்ன மாற்றம் செய்யலாம் என்று யோசியுங்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1991இல் தொடங்கிய முறை ஒன்று உண்டு. விரிவுரையின் நடுவே ஒரு கேள்வி கேட்பார். மாணவர் தனியாக விடை தெரிவு செய்து, பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்து, மறுபடி விடை சொல்ல வேண்டும். இப்படி மாணவரை ஈடுபடுத்தும் வகுப்புகளை வெறும் விரிவுரையோடு ஒப்பிட்ட 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014இல் ஒரு பகுப்பாய்வு வந்தது. விஞ்ஞான, பொறியியல், கணிதப் பாடங்களில் சித்தியடையாதோர் வீதம் விரிவுரை வகுப்புகளில் 33.8, மற்றவற்றில் 21.8. இந்த முறைக்கு, மாணவர் தங்கள் விடையைத் தூக்கிக் காட்ட நான்கு நிற அட்டைகள் போதும். போர்ட் உண்மையாகவே தேவை என்றால், அது வரவுசெலவுப் பகுதியில் தானாக வந்து சேரும்.

சீனியர்களிடம் 'அஹெட்' காலத்து முன்மொழிவுகள் இருக்கின்றன. அவற்றை மாதிரியாக வைத்து எழுதலாமா?
*– உதவி விரிவுரையாளர், பேராதனை*

மொழிநடைக்கு வாசித்துப் பாருங்கள், அளவுக்கு வேண்டாம். அஹெட் 2017இல் உலக வங்கியின் 100 மில்லியன் டொலர் கடனோடு தொடங்கிய உயர்கல்வித் திட்டம். அதில் ஒரு துறை முழுவதும் சேர்ந்து வருடக்கணக்கில் செய்யும் வேலைக்கு எழுதினார்கள். உங்களுடையது ஒரு அலகு, ஒரு செமஸ்டர், ஒரு மாற்றம். அதற்குள் ஐந்து நோக்கங்களை அடுக்கினால் ஒன்றும் நடக்காது என்று குழுவுக்குத் தெரியும்.

பலன் கிடைத்தது என்பதை எப்படிக் காட்டுவது? மாணவர் கருத்துப் படிவம் போதாதா?
*– விரிவுரையாளர், பதுளை*

போதாது. வகுப்பு பிடித்திருந்தது என்பதும் விளங்கியது என்பதும் ஒன்றல்ல. பெரும்பாலான விண்ணப்பங்கள் விழுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பாடம் தொடங்கும் முதற் கிழமையில் ஒரு சிறு சோதனை வையுங்கள். பத்துக் கேள்வி போதும், மனனத்தைச் சோதிக்காத கேள்விகளாக இருக்கட்டும். அதே சோதனையை முடிவிலும் வையுங்கள். சராசரி நூற்றுக்கு 40இலிருந்து 70ஆகக் கூடினால், கூடியது 30, கூடுவதற்கு இடமிருந்தது 60. 30ஐ 60ஆல் வகுத்தால் ஆதாயம் 0.5. இயற்பியல் கற்பித்தலில் 1998இலிருந்து பரவலாகப் பயன்படும் கணக்கு இது. ஆரம்பத்திலேயே கெட்டிக்கார வகுப்பையும் தடுமாறும் வகுப்பையும் ஓரளவு நியாயமாக ஒப்பிடலாம்.

போன வருட பேட்ச்சின் புள்ளிகளையும் பக்கத்தில் வையுங்கள். மாணவர் தரவை வெளியே பிரசுரிக்கும் எண்ணம் இருந்தால், பீடத்தின் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியை முதலே எடுங்கள். முடிந்த பிறகு கேட்டால் தரமாட்டார்கள்.

தோட்டப் பாடசாலைகளில் தமிழில் படித்து வந்த பிள்ளைகள் முதலாம் வருடத்தில் ஆங்கிலத்தில் திணறுகிறார்கள். அவர்களுக்கென்று ஏதாவது செய்தால் மானியம் தருவார்களா, மிஸ்?
*– விரிவுரையாளர், ஹட்டன் ஊர்க்காரர்*

தருவார்கள். இந்தக் கேள்வி வந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் எழுதும் விதத்தில் கவனமாக இருங்கள். "பின்தங்கிய மாணவர்" என்று எழுதாதீர்கள். லயத்து வீட்டில் இருந்து படித்து உயர்தரத்தில் சித்தியடைந்து வந்த பிள்ளையிடம் குறை இல்லை. எங்கள் முதற் செமஸ்டர் ஆங்கிலம் தெரிந்தவருக்காக அமைந்திருக்கிறது. பிரச்சினையை அங்கே வைத்து எழுதுங்கள்.

செய்யக்கூடியது: ஒவ்வொரு விரிவுரைக்கும் முதல்நாள், அதில் வரும் முக்கிய கருத்துகளைத் தமிழில் விளக்கும் ஐந்து நிமிட ஒலிப்பதிவு. வீடியோ வேண்டாம். விடுமுறைக்கு மஸ்கெலியாப் பக்கம் வீட்டுக்குப் போனால் சிக்னலுக்காக மேட்டுக்கு ஏறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். டேட்டாவுக்குக் காசும் வேண்டும். ஒலிக்கோப்பு வாட்ஸ்அப்பில் சுலபமாகப் போகும். சிங்களத்தில் படித்து வந்த பிள்ளைகளுக்கும் அதே தடை இருப்பதால், சிங்களப் பதிவையும் சேர்த்தால் விண்ணப்பம் இன்னும் பலப்படும். பதிவைச் செய்ய மூன்றாம், நான்காம் வருட மாணவர்களை அமர்த்தி, அவர்களுக்கான கொடுப்பனவை மானியத்தில் கேளுங்கள். நேற்றுத்தான் அதே இடத்தில் திணறியவர்கள் என்பதால், எந்த இடத்தில் விளக்கம் வேண்டும் என்று எங்களைவிட அவர்களுக்குத் தெரியும்.

வரவுசெலவில் எதைக் கவனிக்க வேண்டும்?
*– தகுதிகாண் விரிவுரையாளர், பேராதனை*

விலைமனுக்களை எடுத்துப் பார்த்து எழுதுங்கள், மனக்கணக்கு வேண்டாம். 18 வீத வற் வரியைச் சேர்க்க மறந்தால் பிறகு அந்தப் பணத்துக்கு வழியில்லை. இறக்குமதிப் பொருளானால் இன்னும் யோசியுங்கள். 2022இல் சில கிழமைகளில் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டிப் போனதை நாங்கள் பார்த்தோம். நிதிக் கிளையில் வேலை செய்யும் ஒருவரிடம் வரைவைக் காட்டுங்கள். எந்தச் செலவை அனுமதிப்பார்கள், வவுச்சர் எப்படிப் போட வேண்டும் என்று அவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

விண்ணப்பத்துக்கு எவ்வளவு காலம் முன்கூட்டி ஆயத்தமாக வேண்டும்?
*– உதவி விரிவுரையாளர், பதுளை*

இரண்டு மாதம். துறைத் தலைவர், பீடாதிபதி கையொப்பங்களுக்கு மட்டும் இரண்டு கிழமை ஒதுக்குங்கள், தங்கச்சி. பீடச் சபையில் வைக்க வேண்டுமென்றால் அது கூடும் திகதியை இன்றைக்கே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கால அட்டவணையில் பணிப்புறக்கணிப்புக்கும், வடகீழ்ப் பருவமழையில் பதுளைப் பாதைகள் மூடப்படும் நாட்களுக்கும் மூன்று கிழமை இடைவெளி விடுங்கள். வரைவு ஆயத்தமானதும், உங்கள் துறையைச் சேராத ஒருவரிடம் முதற் பக்கத்தை மட்டும் கொடுத்து, என்ன செய்யப் போகிறீர்கள் என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவரால் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதுங்கள்.