பழைய இங்க் பேனாவுக்கு எந்த மை ஊற்றலாம்?

தாத்தாவின் பேனா கிடைத்தது, எந்த மை போட்டால் கெடாது என்று பலர் கேட்கிறார்கள். சாய மை என்றால் நிறம் தண்ணீரில் முழுக்கக் கரைந்தது. நிறமி மையில் நிறம் நுண்ணிய தூளாக மிதக்கும். சர்க்கரைத் தண்ணீர் ஒரு டம்ளர், நம்ம சேலத்து மஞ்சள் தூள் கலந்த தண்ணீர் ஒரு டம்ளர் என்று ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் கழுவிப் பாருங்கள், எது விரலோடு மல்லுக்கட்டுகிறது என்று தெரியும். நிறமி மை காய்ந்துவிட்டால் மறுபடி கரையாது, நிப்புக்கு அடியிலுள்ள நாக்கின் மயிரிழை வழியை அடைத்துவிடும். சித்திரை வெயிலில் மை சீக்கிரமே காய்கிறது.

அதனால் என் ஓட்டு கழுவினால் போகும் சாதாரண நீல மைக்கு. அடர் சிவப்பும் ஊதாவும் வெளிர் நிற செல்லுலாய்டு (பழைய வகை பிளாஸ்டிக்) உடலில் கறையாகத் தங்கலாம். இரும்பு கலந்த மை அமிலத்தன்மை உள்ளது, தங்க நிப்பு தாங்கும், ஸ்டீல் நிப்பு அரிக்கலாம். அப்புறம், கழுவ போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும், ஆர்.ஓ. தண்ணீர் போதும். வெந்நீர் வேண்டவே வேண்டாம்.

பழைய பேனாவுக்குப் பழைய மைதான் பொருந்தும் என்று அலமாரி மூலையில் கிடந்த புட்டியைத் திறப்பவர்கள் உண்டு. வற்றிக் கெட்டியாகி, சில சமயம் பூஞ்சையும் பிடித்த அந்த மைதான் பேனாவை அடைக்கும், இன்று கடையில் வாங்கிய நீலம் அல்ல.