புது சர்வருக்கு மாறியும் பழைய தளமே வருகிறதா?

கேள்வி: எங்கள் வலைத்தளத்தை நேற்று வேறு சர்வருக்கு மாற்றினோம். மொபைலில் புதிய தளம் வருகிறது. ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் பழையதே வருகிறது. தளத்தைச் செய்து கொடுத்தவர், “டிஎன்எஸ் உலகம் முழுக்கப் பரவ 72 மணி நேரமாகும், தனியாகப் பணம் கட்டினால் சீக்கிரம் முடிக்கலாம்” என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அவர் முடுக்கிவிட அங்கே ஒன்றும் இல்லை.

டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் சர்வர் முகவரியைச் சொல்லும் ஏற்பாடு. அதில் எதுவும் எங்கும் பரவுவதில்லை. உங்கள் கம்ப்யூட்டர் தளத்தின் பெயரைச் சொல்லி, இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரிடம் ஐபி முகவரியை, அதாவது தளம் இருக்கும் சர்வரின் எண் முகவரியை, கேட்கிறது. அது விசாரித்துச் சொல்லிவிட்டு, பதிலைக் கொஞ்ச நேரம் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. எவ்வளவு நேரம் என்பதை உங்கள் டொமைனின், அதாவது தளப் பெயரின், டிடிஎல் என்ற விநாடிக் கணக்கு சொல்லும்: 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள். மாற்றத்துக்கு முன்பே கேட்டு வைத்திருந்த சர்வர், கெடு தீரும்வரை பழையதைத்தான் சொல்லும். முந்தின நாளே டிடிஎல்லை 300 ஆகக் குறைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். அதைச் செய்யாதவரே இப்போது காசும் கேட்கிறார்! உங்கள் டொமைனின் முகவரியைச் சொல்லும் நேம்சர்வரையே மாற்றியிருந்தால் மட்டும் .காம் பெயர்களுக்கு 172800 விநாடி, அதாவது இரண்டு நாள், பொறுக்க வேண்டிவரலாம்.

ஒரே ஒரு கம்ப்யூட்டர் மட்டும் அடம்பிடித்தால் அதன் ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பாருங்கள். அது பெயர்களையும் முகவரிகளையும் எழுதிவைக்கும் கம்ப்யூட்டரின் சொந்தப் பட்டியல். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைப்பதற்கு முன், நெட்வொர்க்கில் இருந்த எல்லாப் பெயர்களும் ஒரே ஃபைலில்தான் இருந்தன. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கம்ப்யூட்டர் வெளியே கேட்பதற்கு முன் இந்த ஃபைலைப் பார்க்கும். இதில் இருப்பதற்குக் கெடுவே கிடையாது. முன்பு எப்போதோ சோதனைக்காக யாராவது ஒரு வரி எழுதிவிட்டு மறந்திருப்பார்கள். கண்டுபிடிப்பது சுலபம். கமாண்ட் விண்டோவில் உங்கள் தளத்தின் பெயரோடு என்எஸ்லுக்கப் (nslookup) கட்டளை கொடுங்கள். பிறகு அதே பெயரோடு பிங் (ping) கட்டளை கொடுங்கள். என்எஸ்லுக்கப் இந்த ஃபைலைத் திரும்பிக்கூடப் பார்க்காது, பிங் பார்க்கும். முதலாவது புது முகவரியும் இரண்டாவது பழைய முகவரியும் காட்டினால், டிஎன்எஸ் கேஷை, அதாவது கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருக்கும் பழைய பதில்களை, காலிசெய்துவிட்டு மறுபடி பிங் கொடுங்கள். அப்போதும் பழையதே வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார்: ஹோஸ்ட்ஸ் ஃபைல்தான். விண்டோஸில் சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று உள்ளே போனால் ஃபைல் கிடைக்கும். அட்மினிஸ்ட்ரேட்டராக நோட்பேடில் திறந்து, உங்கள் தளத்தின் பெயர் உள்ள வரியை நீக்குங்கள். வரியின் தொடக்கத்தில் # இருந்தால் விட்டுவிடலாம். அது செயல்படாத வரி.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. டொமைன் யார் பெயரில் இருக்கிறது? இப்படிப் பேசுகிறவர்கள் பலர் அதைத் தங்கள் பெயரில், தங்கள் ஈமெயிலில் பதிந்து வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து தேடினால் விவரம் மறைக்கப்பட்டிருக்கும். சொந்தக்காரரே தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க முடியாத அழகான ஏற்பாடு! பதிவு நிறுவனத்தின் லாகின் இன்றே உங்கள் கைக்கு வரட்டும். தர மறுத்தால் மற்ற வேலையெல்லாம் அப்புறம்.

பழைய சர்வர் கணக்கை ஒரு வாரமாவது மூடாதீர்கள். கெடு தீராத இடங்களிலிருந்து வரும் ஈமெயில் அங்கேதான் போய் விழுந்துகொண்டிருக்கும்.