பி.எஸ்.6 வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம்

அண்ணே, இருபது வருடம் மெக்கானிக்காகக் கார்புரேட்டர் பார்த்த நீங்கள், பி.எஸ்.6 (புகை மாசுக்கான அரசு விதி) பைக் வந்தால் திருப்பி அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். 2020 ஏப்ரலிலிருந்து பதிவாகும் புது பெட்ரோல் பைக் எல்லாம் பி.எஸ்.6தான். அவற்றில் பெரும்பாலானவை கார்புரேட்டருக்குப் பதிலாக, மின்சாரக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டிகள். வாரண்டி முடிந்ததும் அவைதான் உங்கள் வாசலுக்கு வரும்.

முதலில் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் பழகுங்கள். பேட்டரி வோல்டேஜ் இறங்கினாலே இன்ஜெக்‌ஷன் வண்டி ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும். அது தெரியாமல் நல்ல ஃப்யூயல் பம்பைக் கழற்றி மாட்டியே அரை நாளை வீணடித்தவன் நான்!

வண்டியின் கம்ப்யூட்டரில் மாட்டிப் பழுதைப் பார்க்கும் ஸ்கேனர் அப்புறம். அது பழுதுக்கான கோடை (குறியீட்டு எண்ணை) காட்டும், எந்தப் பாகம் போனது என்று முடிவு சொல்லாது. புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கான கோடு வந்தால் சென்சார் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஒயர் அறுந்திருக்கலாம், சைலன்சர் ஜாயிண்டில் லீக் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க உங்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? வாங்கும்போது, உங்கள் பக்கம் அதிகம் ஓடும் வண்டிகளில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.