கணினி கேள்வி-பதில்: பெயரை மாற்றினேன், ஏன் மாறவில்லை?

கே: கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு நடத்துகிறோம். நன்கொடையாக வந்த பழைய கணினிகள். சிலவற்றில் டெபியன் லினக்ஸ், சிலவற்றில் ஃபெடோரா லினக்ஸ், ஒன்றில் ஃபிரீபிஎஸ்டி என்ற வேறு இயங்குதளம். கணினியின் பெயர், நேரம், நெட்வொர்க் எல்லாவற்றையும் மௌசை வைத்தே மாற்ற ஒரு கருவி எழுதுகிறேன். பெயர் மாற்றுவது டெபியனில் சரியாக நடக்கிறது. ஃபிரீபிஎஸ்டியில் 'மாற்றியாச்சு' என்று காட்டுகிறது. அணைத்துத் திறந்தால் பழைய பெயரே இருக்கிறது. இரண்டிலும் ஓடுவது அதே நிரல்தானே ஐயா?
- கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்

ப: நம்ம ஊர்ப் பிள்ளை கேட்கிறது, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நிரல் ஒன்றுதான் தம்பி, பெயர் இருக்கும் இடம்தான் வேறு வேறு. டெபியனில், அமைப்புக் கோப்புகள் இருக்கும் எட்சி அடைவுக்குள் 'ஹோஸ்ட்நேம்' என்ற கோப்பில் ஒரே வரி. ஃபிரீபிஎஸ்டியில் 'ஆர்சி.கான்ஃப்' கோப்பில், நெட்வொர்க், சேவைகள் என்று பலதுக்கும் நடுவே ஒரு வரி. ஃபிரீபிஎஸ்டிக்கு உறவான ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில் கோப்பின் பெயரே 'மைநேம்'. உங்கள் கருவி ஃபிரீபிஎஸ்டியிலும் 'ஹோஸ்ட்நேம்' கோப்பைப் புதிதாக உண்டாக்கி அதில் எழுதியிருக்கும். எழுதி முடித்ததால் 'மாற்றியாச்சு'. அந்தக் கோப்பைப் படிக்கத்தான் அங்கே ஆளில்லை.

2000 வாக்கில் ஜன்னல்களும் பொத்தான்களும் தரும் க்னோம் மேசைச் சூழலுக்கு அமைப்புக் கருவி எழுதியவர்களுக்கும் இதே தலைவலிதான். அவர்கள் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள்: முன்னால் சி மொழியில் திரை, பின்னால் கோப்புகளைத் திருத்தும் பெர்ல் மொழி ஸ்கிரிப்ட், நடுவில் இரண்டும் பேசிக்கொள்ள எக்ஸ்எம்எல் வடிவம். நான் தோட்டத்து ஆபிசில் கிராணியாக இருந்தவன். செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவை எழுதும் முறை தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். தொழிலாளிக்கு அது தெரியவேண்டியதில்லை. "கிராணி, நாளைக்கு லீவு" என்றால் போதும், எந்தப் புத்தகம், எந்தக் கோடு என்பது என் பாடு. உங்கள் திரையும் 'பெயர் இது, போடு' என்பதோடு நிற்கட்டும்.

இன்று டெபியன், ஃபெடோரா இரண்டிலும் அந்தக் கிராணி வேலைக்கு ஆள் தயாராக இருக்கிறார்: சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் 'ஹோஸ்ட்நேம்டி'. நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் டி-பஸ் வழியாகக் கேட்டால் மாற்றிக் கொடுப்பார். ஃபிரீபிஎஸ்டியில் சிஸ்டம்டி கிடையாது. அதற்காகத் திரையில் 'இந்த அமைப்பா, அந்த அமைப்பா' என்று நிபந்தனை (இஃப்) போட ஆரம்பிக்காதீர்கள், முடிவே இருக்காது. அதே டி-பஸ் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சின்னச் சேவை ஒன்றை ஃபிரீபிஎஸ்டிக்கு நீங்களே எழுதலாம். ஓபன்பிஎஸ்டிக்கு 2014இல் மாணவர்களை நிரல் எழுத வைக்கும் கூகிள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் இதே வழியில்தான் முயன்றார்கள்.

அந்தச் சேவை ஆர்சி.கான்ஃபை எப்படித் தொடுகிறது என்பதில்தான் ஆளின் தரம் தெரியும். ஒவ்வொரு முறையும் கோப்பைப் புதிதாகப் படியுங்கள். நீங்கள் தனியாக ஒரு நகல் வைத்துக்கொண்டால், யாராவது கையால் திருத்தியது அடுத்த முறை அழிந்துபோகும். 'ஹோஸ்ட்நேம்=' வரியை மட்டும் மாற்றுங்கள். மேலே யாரோ ஹேஷ் (#) போட்டு எழுதி வைத்த குறிப்பு அப்படியே இருக்கட்டும். நேராகக் கோப்பின் மேல் எழுதவும் வேண்டாம். சாயங்காலம் இடி இடித்தால் கரண்ட் போகிற ஊர் நம்முடையது. பாதி எழுதிய ஆர்சி.கான்ஃபோடு கணினி ஒழுங்காக எழும்பாது. அதே அடைவில் தற்காலிகக் கோப்பு ஒன்றில் எழுதி, பழைய அனுமதிகளையே கொடுத்து, வட்டில் சேர்த்துவிட்டு, அப்புறம் அந்தக் கோப்பின் பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வையுங்கள். கோப்பை மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் பெயர் மாறிவிடாது, அதற்கு 'ஹோஸ்ட்நேம்' கட்டளையையும் கொடுக்கவேண்டும். இரண்டையும் திரும்பப் படித்துப் பார்த்த பிறகு 'மாற்றியாச்சு' காட்டினால் போதும்.

கே: என் மாணவன் எழுதிய அமைப்புக் கருவி தொடங்கும்போதே கடவுச்சொல் கேட்டு, முழுவதும் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகியாக ஓடுகிறது. இது சரிதானா?
- ஆசிரியை, தெலுக் இந்தான்

ப: சரியில்லை டீச்சர். பொத்தான், எழுத்துரு, படம் என்று திரைக்குப் பின்னால் இருக்கும் அத்தனை நூலகங்களுக்கும் சேர்த்து ரூட் அதிகாரம் போய்விடுகிறது. கோப்பை மாற்றும் சேவைக்கு மட்டும் அந்த அதிகாரம் இருக்கட்டும். கேட்பவருக்கு அனுமதி உண்டா என்று பார்க்க போல்கிட் என்ற சேவை இருக்கிறது. சும்மா பார்க்க வருகிறவரிடம் கடவுச்சொல் கேட்கவே கூடாது.

கே: நேர அமைப்பில் எதற்கு ஊர்ப் பட்டியல்? உலகப் பொதுநேரத்தைவிட எட்டு மணி முன்னே என்பதால் +8 என்று சேமித்தால் போதாதா?
- வாசகர், கூலிம்

ப: போதாது. தீபகற்ப மலேசியா 1981 முடியும்வரை +7:30இல்தான் இருந்தது. 1982 ஜனவரி 1இல்தான் அரை மணி முன்னே தள்ளினார்கள். வெறும் +8 வைத்தால் 1975இன் நேரமெல்லாம் அரை மணி தப்பும். 'ஏசியா/கோலாலம்பூர்' என்று வைத்தால் இந்த வரலாறும் கூடவே வரும். லினக்ஸில் எட்சி அடைவில் உள்ள 'லோக்கல்டைம்' இன்னொரு கோப்பைக் காட்டும் ஓர் இணைப்பு, அது எங்கே போகிறது என்று பார்த்தால் ஊர் தெரியும். ஃபிரீபிஎஸ்டியில் அது வெறும் நகலாகவும் இருக்கலாம். அப்போது ஊர்ப் பெயரை 'வார்' அடைவில், 'டிபி'க்குள் இருக்கும் 'சோன்இன்ஃபோ' கோப்பில் பாருங்கள். இன்னொன்று, பட்டியலில் மலேசியாவுக்குக் கோலாலம்பூர், கூச்சிங் இரண்டுதான். கூலிம் என்று தட்டினாலும் கோலாலம்பூரைக் காட்டுகிற மாதிரி தேடலை எழுதிவிடுங்கள்.