ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தும் பொம்மை உடைகிறதே, ஆய்வகத்தில் எதைத்தான் சோதிக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இது: இரண்டரை வயது மகனுக்கு வாங்கிய பிளாஸ்டிக் கார் ஒரே வாரத்தில் உடைந்துவிட்டது. பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது, கூடவே "3 வயதுக்கு மேல்" என்றும் போட்டிருக்கிறது. ஒரு வாரம்கூடத் தாங்காத பொருளுக்கு முத்திரை எதற்கு? ஆய்வகத்தில் எதைத்தான் பார்க்கிறார்கள்?

பொம்மைகளை உடைப்பதற்காகவே ஒன்பது ஆண்டுகளாகச் சம்பளம் வாங்குகிறவன் நான். சென்னைக்கு வெளியே ஒரு தனியார் சோதனைக்கூடம். சாயம், ரசாயனம் எல்லாம் மேல்மாடிக்காரர்கள் பார்ப்பார்கள். கீழ்த்தளத்தில் விழவைப்பது, முறுக்குவது, இழுப்பது, நசுக்குவது எங்கள் வேலை. ஆயுத பூஜைக்கு, பொம்மைகளைக் கீழே போடுகிற ஸ்டாண்டுக்கும் சந்தனப் பொட்டு வைக்கிறோம்.

உங்கள் கேள்வியில் ஓர் அனுமானம் இருக்கிறது, அதை முதலில் எடுத்துவிடுகிறேன். பொம்மை உடையுமா உடையாதா என்று நாங்கள் பார்ப்பதே இல்லை. குழந்தை கையில் கொடுத்தால் எதுவும் உடையும். உடைந்த பிறகு அந்தக் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதைத்தான் பார்க்கிறோம். கார் நான்கு துண்டாகப் போய், நான்கும் பெரிதாக, மழுங்கலாக இருந்தால் தேர்ச்சி. மேலே ஒரு கீறல்கூட விழாமல், கைக்குழந்தைப் பொம்மை ஒன்றிலிருந்து ஒரே ஒரு பொத்தான் மட்டும் கழன்று வந்தால் தோல்வி. பொம்மை செய்கிறவர்களே இதைக் கேட்டுக் கோபப்படுவார்கள். "சார், அந்த கம்பெனி பொம்மை சுக்குநூறாகிவிட்டது, அதற்குப் பாஸ் போட்டிருக்கிறீர்கள். எங்களுடையதில் ஒரு மூக்குதானே கழன்றது?" என்று ஒருவர் தொலைபேசியில் அரைமணி நேரம் வாதாடினார். அந்த மூக்குதான் சார் விஷயம்.

அந்த மூக்குக்கு என்ன நடந்தது என்று சொன்னாலே பாதிப் பதில் வந்துவிடும். கரடிப் பொம்மை, பழுப்பு நிறம், இரண்டு கண்ணும் மூக்கும் கடினமான பிளாஸ்டிக். முதலில் வழக்கமான பயன்பாட்டுக்கான சோதனைகள், பிறகு குழந்தை பண்ணக்கூடிய அட்டூழியங்களுக்கான சோதனைகள். ஒன்றரை வயதுக்குக் கீழ் என்றால் 138 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை கீழே போடுவோம். இடுப்பில் இருக்கும் குழந்தை கையை நீட்டித் தூக்கி எறியும் உயரம் ஏறக்குறைய அதுதான். அதற்கு மேற்பட்ட வயதென்றால் 93 செ.மீ., நான்கு முறை. விழும் தரையும் ஏதோ ஒரு தரை அல்ல. கான்கிரீட்டின் மேல் சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள வினைல் ஓடு ஒட்டியிருக்க வேண்டும்.

விழுந்து முடித்த அதே கரடியை அடுத்து முறுக்க வேண்டும். கண்ணைக் கிளாம்பில் பிடித்து, 0.45 நியூட்டன் மீட்டர் திருக்கு விசை வரும்வரை, அல்லது அரைவட்டம் திரும்பும்வரை முறுக்கி, பத்து நொடி பிடித்திருப்போம். பிறகு எதிர்த்திசையில் அதே மாதிரி. அதற்குப் பிறகுதான் இழுப்பது: 70 நியூட்டன், ஏறக்குறைய ஏழு கிலோ எடையைத் தொங்கவிட்டது போல, பத்து நொடி. ஒவ்வொரு சோதனைக்கும் புதுக் கரடி எடுப்பதில்லை. விழுந்து, முறுக்கப்பட்டுத் தளர்ந்துபோன கரடிதான் இழுபடும். அந்தக் கரடியின் இடது கண் தாங்கியது, வலது கண் தாங்கியது, மூக்கு எட்டாவது நொடியில் பின்னால் இருந்த வாஷரோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

வந்த மூக்கைச் சிலிண்டரில் போட்டேன். எங்கள் மேசையில் இருப்பவற்றிலேயே மலிவான கருவி அதுதான், அதிகப் பொம்மைகளைத் தோற்கடித்ததும் அதுதான். உள்விட்டம் 31.7 மி.மீ.; பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே அகலம். அடிப்பாகம் சாய்வாக வெட்டியிருக்கும், ஒரு பக்கம் ஆழம் 25.4 மி.மீ., மறுபக்கம் 57.1. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையை மனத்தில் வைத்து வகுத்த அளவு இது. அமெரிக்காவில் 1980 ஜனவரி 1 முதல் சட்டமாக நடைமுறையில் இருக்கிறது, நம் தரத்திலும் இதே சிலிண்டர்தான். கழன்று வந்த துண்டை அழுத்தாமல், எந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டாலும், முழுவதும் உள்ளே அடங்கிவிட்டால் அந்தப் பொம்மை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது. மூக்கு "டொக்" என்று அடியில் போய் விழுந்தது.

பந்துக்கு மட்டும் வேறு அளவு. 44.5 மி.மீ. வட்டத் துளை போட்ட ஒரு தகடு இருக்கிறது. பந்து தன் எடையாலேயே அதன் வழியாக இறங்கிவிட்டால் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடாது. சிலிண்டரைவிட ஏன் இவ்வளவு பெரிது என்று புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரும் கேட்பார்கள். கோணல்மாணலான துண்டு தொண்டையில் சிக்கினாலும் ஓரத்தில் சில வேளை காற்றுப் போக வழி இருக்கும். உருண்டையாக இருப்பது கச்சிதமாக மூடிக்கொள்ளும், எச்சில் பட்டு வழுக்குவதால் விரலால் எடுக்கவும் வராது.

கிலுகிலுப்பைக்கு மற்றொரு தகடு, 35க்கு 50 மி.மீ. நீள்வட்டத் துளை. தகட்டின் தடிமன் 30 மி.மீ. கிலுகிலுப்பையின் கைப்பிடியோ தலையோ துளைக்குள் இறங்கி மறுபக்கம் எட்டிப்பார்க்கக் கூடாது. குழந்தை வாயில் வைத்தால் தொண்டைவரை போய்விடக் கூடாது என்பதற்குத்தான் இந்தச் சோதனை.

ஊதல் சோதனை எனக்குப் பிடித்தது. திருவிழாக் கடையில் வாங்கும் ஊதலைக் குழந்தை ஊத மட்டும் செய்யாது, மூச்சை உள்ளேயும் இழுக்கும். அதனால் ஒரு பம்பில் பொருத்தி, ஒவ்வொரு முறையும் 300 கன செ.மீ. அளவுக்குக் காற்றை ஊதி, அதே அளவுக்கு உறிஞ்சுவோம், பத்து தடவை. உள்ளே ஒலி எழுப்பும் சின்ன நாக்கு கழன்று வந்து சிலிண்டரில் அடங்கினால் போயிற்று. கதவு, மூடி, மடிப்பு உள்ள பொம்மைகளில் கீல் பக்கத்து இடைவெளிக்கு ஒரு வேடிக்கையான விதி: 5 மி.மீ. கம்பி நுழையாமல் இருக்க வேண்டும். நுழைந்தால் 12 மி.மீ. கம்பியும் நுழைந்தாக வேண்டும். விரல் உள்ளே போகவே கூடாது, போனால் நசுங்காமல் இருக்க இடம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அளவுதான் விரலைக் கடிக்கும்.

கூர்மையைக் கையால் தடவிப் பார்த்து முடிவு செய்வதில்லை. அவரவர் தோல் அவரவர்க்கு. ஓர் உருளையில் டெஃப்லான் நாடா சுற்றி, 6 நியூட்டன் விசையில் விளிம்போடு அழுத்தி ஒரு முழுச்சுற்று சுற்றுவோம். தொட்ட நீளத்தில் பாதியாவது வெட்டுப்பட்டிருந்தால் அது கூர்மையான விளிம்பு. முனைக்கு வேறு கருவி, சிறு துளைக்குள் முனை போதுமான ஆழம் நுழைந்தால் விளக்கு எரியும். ஒரு நாள் மதிய உணவு இடைவேளையில், புதிதாக ஆணி அடித்த பம்பரம் ஒன்றைச் சும்மா வைத்துப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. நான் அதைச் சுற்றித்தான் வளர்ந்தேன், இன்றும் பிடிக்கும். வேலை செய்வதற்கே முனை தேவைப்படும் பொம்மைகளை, மூன்று வயது தாண்டியவர்களுக்கு எச்சரிக்கை வாசகத்தோடு விற்கத் தரமும் இடம் கொடுக்கிறது. மூன்றுக்குக் கீழே இடமில்லை.

இனி உங்கள் காருக்கு வருகிறேன். "3 வயதுக்கு மேல்" என்ற வரியையும், குழந்தை முகத்தின் மேல் குறுக்குக்கோடு போட்ட அந்த வட்டத்தையும் பெற்றோர் பெரும்பாலும் திறமையின் அளவாகப் படிக்கிறார்கள். "என் பிள்ளைக்கு இரண்டரைதான், ஆனால் கெட்டிக்காரன், நான்கு வயதுக்கானதையே விளையாடுவான்." மூளைக்கும் அந்த வட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. கெட்டிக்காரனுக்கும் தொண்டை அதே அளவுதான். அந்த வட்டத்தின் பொருள் இவ்வளவுதான்: இந்தப் பொம்மையில் சிலிண்டரில் அடங்கும் பாகங்கள் இருக்கலாம், உடைந்தால் வரலாம், சட்டப்படி அது தவறில்லை. மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கான பொம்மையைக் கீழே போட்டுப் பார்க்கும்போது, உடைந்த இடத்தில் கூரான முனையோ வெட்டும் விளிம்போ வருகிறதா என்றுதான் பார்ப்போம். சக்கரம் கழன்று ஓடினால் அறிக்கையில் அது தோல்வி ஆகாது. ஆகவே உங்கள் கார் உடைந்தும் நியாயமாகவே முத்திரை வாங்கியிருக்கலாம். இரண்டரை வயதுக் கைக்கு அது போனதில்தான் சிக்கல்.

விற்பவர்களுக்கும் இது தெரியும் என்பதுதான் எரிச்சல். சிலிண்டரில் தோற்றுவிடும் என்று தெரிந்தால், பாகத்தைத் திருத்துவதற்குப் பதில் அட்டைப்பெட்டியைத் திருத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாவற்றிலும் அது செல்லாது. கட்டிப்பிடித்துத் தூங்கும் சாதாரணப் பஞ்சுப் பொம்மை, கிலுகிலுப்பை போன்றவற்றில் என்ன வயது அச்சடித்திருந்தாலும் மூன்றுக்குக் கீழ் என்றே எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன கரடியின் பெட்டியிலும் 3+ தான் இருந்தது. ஆனால் கார்களில் எல்லைக்கோடு அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை, அங்கேதான் மூச்சு முட்ட விவாதம் நடக்கும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019இல் இந்தியத் தரக் குழுமம் சந்தையில் வாங்கிச் சோதித்த இறக்குமதிப் பொம்மைகளில் சுமார் 67 சதவீதம் தேறவில்லை. 2020இல் தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். இயந்திரவியல் பாதுகாப்புக்கான தரம் ஐ.எஸ். 9873, முதல் பாகம். பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 8124-1ஐ ஒட்டியது. மின்சாரப் பொம்மைகளுக்கு ஐ.எஸ். 15644. முத்திரைக்கு மேலே இந்தத் தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை இந்திய தர நிர்ணய அமைவனத்தின் "பி.ஐ.எஸ். கேர்" செயலியில் போட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வரும். எண் இல்லாமல் முத்திரை மட்டும் தனியாக நின்றால் வாங்காதீர்கள். 2023 ஜனவரியில் பெரிய கடைகளிலேயே சோதனை போட்டு, முத்திரையில்லாத 18,600 பொம்மைகளைப் பறிமுதல் செய்தார்கள். நடைபாதைக் கடையில்தான் தப்பு நடக்கும் என்று நினைக்க வேண்டாம்.

பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பட்டறையில் உட்கார்ந்து கடைசல் பிடிக்கும் ஒருவரால் ஆய்வகமும் உரிமமும் வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது. ஆனால் விலக்கு என்பது தேர்ச்சி ஆகாது. போன நவராத்திரிக்கு அக்கா வீட்டுக் கொலுவில், கீழ்ப்படியில் அம்பாசமுத்திரம் மரச்சொப்பு வைத்திருந்தாள். கொலு பொம்மை காட்சிப்பொருள், எங்கள் தரத்துக்கு வெளியே. ஒன்றேகால் வயது மருமகளுக்கு அந்த வித்தியாசம் தெரியாதே. இட்லிப் பானையின் மூடியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். பையில் சிலிண்டர் இருந்தது (ஆமாம், பையில் வைத்திருக்கிறேன், வீட்டில் கேலி செய்கிறார்கள்). மூடி அடங்கியது, ஆட்டுக்கல்லின் குழவி அடங்கியது, குடம் அடங்கவில்லை. அக்கா எதுவும் பேசாமல் சொப்பு முழுவதையும் மேல்படிக்கு, மரப்பாச்சிக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டாள்.

எந்த மேசையிலும் தீர்க்க முடியாத பொருட்கள் சில இருக்கின்றன. பலூன் அதில் முதல். ஊதாத பலூனும், வெடித்த பலூனின் கிழிசலும் தொண்டையின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். எட்டு வயதுப் பிள்ளையையும் அது விடாது. அதற்கு எச்சரிக்கை வாசகம் போடலாம், வேறு ஒன்றும் செய்ய முடியாது. பொத்தான் பேட்டரி இரண்டாவது. பொம்மையில் என்றால் மூடிக்குத் திருகாணி இருக்கிறதா என்று பார்ப்போம், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையை யார் பார்ப்பது? உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கத் தொடங்கிவிடும். குழந்தை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

உடைந்த காரின் துண்டுகளை இன்னும் தூக்கிப் போடவில்லை என்றால் ஒரு தட்டில் கொட்டிப் பாருங்கள். சக்கரங்கள் நான்கும் இருக்கின்றனவா? அச்சுக்கம்பி வெளியே வந்திருக்கிறதா, அதன் முனை எப்படி இருக்கிறது? பத்து ரூபாய் நாணயத்தைச் சக்கரத்தின் மேல் வைத்து அளந்துவிட்டு, பெட்டியில் இருக்கும் உரிம எண்ணோடு சேர்த்துப் பின்னூட்டத்தில் போடுங்கள். சக்கரம் மூன்றுதான் கிடைக்கிறது என்றால், பின்னூட்டம் அப்புறம். முதலில் சோபாவுக்கு அடியில் தேடுங்கள்.